கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்

காட்டையும் காட்டுயிர்களையும் ஊரே சேர்ந்து காப்பாற்றும் வேலையில் பெண்களின் இடம் என்ன என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கிப் பதில் எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: எங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புக் குழுவில் 12 பேர். அதில் 4 பேர் பெண்கள், விதிப்படி சரியாகத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் 2 வருஷமாக ஒரு கூட்டத்திலும் அவர்கள் வாய் திறந்ததில்லை. வருவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், போய்விடுவார்கள். அவர்களுக்கே ஆர்வம் இல்லை என்றால் நாங்கள் என்ன செய்வது? (குழுச் செயலாளர் ஒருவர்)

பதில்: ஐயா, அக்கறையோடுதான் கேட்கிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டும் முன், ஒரே ஒரு கூட்டத்தை அந்த 4 பேர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

நான் போயிருந்த ஒரு கூட்டம் இன்னும் மனசில் இருக்கிறது. மாலை 6 மணிக்கு என்று சொல்லி 7 மணிக்கு ஆரம்பித்தார்கள், அடுப்பு வேலை உச்சத்தில் இருக்கும் நேரம். முன்னால் நாற்காலிகளில் ஆண்கள், கதவோரம் தரையில் பெண்கள், அதில் இரண்டு பேர் மடியில் குழந்தை. ஓடையை ஒட்டிய காட்டுப் பகுதியை ஆள் நடமாட்டம் இல்லாமல் மூடுவது பற்றித்தான் பேச்சு. கண்ணி வைக்கிறவர்கள், ரோந்து, ஜீப்புக்கு டீசல் என்று முக்கால் மணி நேரம் ஓடியது. கடைசியில் தீர்மானப் புத்தகம் பேனாவோடு கதவோரம் போனது. ஓர் அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக, "அந்த ஓடைப் பக்கமா? அங்கதான நமக்கு விறகு" என்றார். அவர் தலையை ஆட்டினார். கையெழுத்து விழுந்தது. கூட்டம் முடிந்து நடந்து வரும்போது அதே அம்மா, எந்த மாசம் எந்த மிருகம் அந்த ஓடையில் எந்த இடத்தில் இறங்கித் தண்ணீர் குடிக்கும், எது குட்டியோடு வரும், எந்தப் பாதையில் புதுசாகக் கண்ணிக் கம்பி கிடந்தது என்று வரிசையாகச் சொன்னார். உள்ளே யாரும் அவரைக் கேட்கவில்லை. அப்புறம் என்ன ஆனது? விறகு இல்லாமல் உலை கொதிக்காது, அதனால் பெண்கள் காவலர் கண்ணில் படாத விடியற்காலை இருட்டில் அதே ஓடைக்குப் போக ஆரம்பித்தார்கள். மிருகங்கள் தண்ணீருக்கு வருவதும் அதே நேரம். விதியும் உடைந்தது, அவர்கள் உயிருக்கும் ஆபத்து கூடியது, மிருகங்களுக்கும் தொந்தரவு குறையவில்லை.

நான் திரும்பத் திரும்பச் சொல்ல நினைப்பது இதுதான். காட்டோடு தினமும் புழங்குகிறவரைக் கேட்காமல் எழுதும் விதி முதலில் அவரை அடிக்கும், அப்புறம் காட்டையும் அடிக்கும். பெண்களைக் கேட்பது அவர்களுக்குச் செய்யும் சலுகை என்று நினைத்துக்கொண்டிருக்கும் வரைக்கும் இது புரியாது.

எண்ணிக்கை பற்றி ஒன்று. இந்தியாவிலும் நேபாளத்திலும் சமூகக் காட்டுக் குழுக்களைப் பல வருஷம் ஆராய்ந்த பொருளியலாளர் பீனா அகர்வால், நிர்வாகக் குழுவில் பெண்கள் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்த பிறகுதான் அவர்கள் கூட்டத்துக்கு வருவதும் பேசுவதும் நன்றாகக் கூடுகிறது என்று காட்டினார். ஒன்றிரண்டு பேர் இருந்தால் அழைத்து வந்த விருந்தாளி மாதிரி ஒதுங்கித்தான் இருப்பார்கள். உங்களிடம் 12க்கு 4, அதாவது எண்ணிக்கை இருக்கிறது. அப்படியும் பேச்சு வரவில்லை என்றால் தடை வேறு எங்கோ இருக்கிறது.

எங்கே என்று நான் யூகிப்பதைச் சொல்கிறேன். முதலில் நேரம். அவர்கள் 4 பேரிடமும் எந்த நேரம் தோது என்று கேட்டு அந்த நேரத்தில் கூட்டத்தை வையுங்கள். என்ன பேசப்போகிறோம் என்பதை 3, 4 நாள் முன்பே சொல்லிவிடுங்கள், அவர்கள் மற்ற பெண்களிடம் கலந்து பேசிவிட்டு வருவார்கள், தன் ஒருத்தியின் கருத்தைச் சொல்வதைவிட நாங்கள் எல்லாரும் இப்படி நினைக்கிறோம் என்று சொல்வது ரொம்பச் சுலபம். பேச்சைப் பெண்களிடம் இருந்து ஆரம்பியுங்கள், தலைவர் முடிவைச் சொன்ன பிறகு யாருக்கும் மாற்றிப் பேச வராது. அவர்கள் சொன்னதை அவர்கள் பேரோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். இன்னொன்று, உங்கள் பொதுச்சபையில் உறுப்பினர் என்பது வீட்டுக்கு ஒருவரா? அப்படியானால் பெரும்பாலும் அந்த ஒருவர் வீட்டு ஆண்தான், நிர்வாகக் குழுவில் 4 பெண்களை வைத்தாலும் அவர்களைத் தேர்ந்தெடுத்தது பெண்கள் இல்லை. வீட்டுக்கு இருவர் என்று மாற்ற முடியுமா பாருங்கள்.

பொறுப்பும் முக்கியம். நேபாளத்தில் சமூகக் காட்டுக் குழுக்களுக்கு 2009ல் வந்த வழிகாட்டி, நிர்வாகக் குழுவில் பாதி இடம் பெண்களுக்கு என்றதோடு நிற்கவில்லை, தலைவர், செயலாளர் இரண்டில் ஒன்றாவது பெண்ணாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. பாதி என்பதால் என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு 2019ல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. இந்தோனேசியா, பெரு, தான்சானியா ஆகிய 3 நாடுகளில் 31 கிராமங்களைச் சேர்ந்த 440 பேரைச் சின்னச் சின்னக் குழுக்களாக்கி, எவ்வளவு மரம் வெட்டுவது, காப்பாற்றியதற்குக் கிடைக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று ஒரு விளையாட்டு மாதிரி முடிவெடுக்க வைத்தார்கள். பாதி இடம் பெண்களுக்கு என்று ஒதுக்கிய குழுக்கள் மரங்களையும் கூடுதலாகக் காப்பாற்றின, பணத்தையும் கூடுதல் சமமாகப் பிரித்தன.

செயலாளர் பொறுப்பில் இருப்பது நீங்கள்தான். அடுத்த முறை அந்த நாற்காலியை அவர்களில் ஒருவருக்கு விட்டுக்கொடுப்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: யானை மிதித்தாலும் புலி அடித்தாலும் ஆண், பெண் பார்த்தா அடிக்கிறது? பாதிப்பு எல்லாருக்கும் ஒன்றுதானே, இதில் பாலினத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

பதில்: மிருகம் பார்க்காது, சரி. ஆனால் அடிபட்ட பிறகு வரும் வேலையும் கடனும் பழியும் ஆண், பெண் பார்த்துத்தான் விழுகின்றன.

சுந்தரவனக் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மீன், நண்டு, தேன் என்று காட்டுக்குள் போகும் ஆண்களைப் புலி அடித்துவிடுகிறது. செத்தவர் ஆண்தான், அதை யாரும் மறுக்கவில்லை, ஆபத்தான வேலைக்கு ஆண்கள் போவதும் பாலினக் கணக்கில் வரும் விஷயம்தான். ஆனால் வீட்டில் மிஞ்சும் பெண்ணைப் புலி விதவை என்றே அங்கே அழைக்கிறார்கள். கணவனை விழுங்கியவள் என்ற பழி அவள் தலையில் விழுகிறது. அவர் அனுமதிச் சீட்டு இல்லாமல் போயிருந்தால், அல்லது நுழையக் கூடாத மையப் பகுதியில் செத்திருந்தால், இழப்பீடு கிடைப்பது மிகவும் கஷ்டம். வழக்கு வருமோ என்ற பயத்தில் புலி அடித்ததையே சொல்லாமல் மறைத்த குடும்பங்களும் உண்டு. மிச்சமிருக்கும் கடனை அடைக்க அவளே ஆற்றில் இறங்கி மீன் குஞ்சும் நண்டும் பிடிக்கப் போகிறாள், அதே புலி உலவும் கரையில்.

பயிர்ச் சேதமும் இப்படித்தான். எத்தனை ஏக்கர் போனது என்று அளப்பார்கள். ராத்திரி முழுக்கக் காவல் இருந்து தூங்காத கண், காவலுக்கு ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தை விட்ட பெண்பிள்ளை, பக்கத்துக் காட்டுக்குப் போக முடியாமல் 2 மைல் சுற்றிப் போய்ச் சுமக்கும் விறகு, இதையெல்லாம் அளக்க யாரிடமும் டேப் கிடையாது. உத்தரகாண்டின் காட்டோரக் கிராமத்தில் நடந்து 2008ல் வெளியான ஓர் ஆய்வு இந்தக் கண்ணுக்குத் தெரியாத செலவில் பெரும்பங்கு பெண்கள் மேல் விழுவதைப் பதிவு செய்தது. நிலப் பட்டா கணவர் பேரில் இருந்தால் இழப்பீட்டுப் பணம் அவர் கணக்குக்குத்தான் போகும், உழைத்தவர் யார் என்று அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அதனால்தான் இழுக்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 22 வயது. காட்டுயிர் ரோந்துப் படையில் சேர ஆசை. அது ஆம்பளை வேலை, ராத்திரி காட்டுக்குள் என்ன பாதுகாப்பு என்று வீட்டில் சண்டை. நான் என்ன சொல்லட்டும்?

பதில்: தங்கச்சி, முதலில் வீட்டில் காட்ட நாலு உதாரணம் தருகிறேன். தென்னாப்பிரிக்காவில் குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய பலூலே காப்பகத்தில் 2013ல் ஆரம்பித்த பிளாக் மாம்பா படை, பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள். அவர்கள் கையில் துப்பாக்கி கிடையாது. வேலி ஓரமாக நடந்து கண்ணிகளைத் தேடி எடுப்பதும், ஊருக்குள் பேசுவதும்தான் வேலை. ஜிம்பாப்வேயில் 2017ல் தொடங்கிய அகாஷிங்கா படை வேறு மாதிரி, ஆயுதம் ஏந்தியது. முதலில் சேர்ந்தவர்களில் வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்கள், கணவனை இழந்தவர்கள், தனியாகக் குழந்தை வளர்ப்பவர்கள் இருந்தார்கள். கென்யாவில் அம்போசெலி அருகே 2019ல் மாசாய் பெண்கள் 8 பேரோடு ஆரம்பித்தது டீம் லயனஸ். மாசாய் சமூகத்தில் ஊர்ப் பெண்கள் தங்களுக்குத் தெரிந்ததை ஆண் காவலரிடம் போய்ச் சொல்லத் தயங்குவார்கள், பெண் காவலர் வந்து தண்ணீர்க்கரையில் உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும். நாலாவது உதாரணம் நீயாக இருக்கட்டும்.

ஆனால் உன்னிடம் பாதியை மறைத்துப் பேச மாட்டேன். உலக அளவில் ரேஞ்சர்களில், அதாவது காட்டுயிர்க் காவலர்களில், பெண்கள் 3 முதல் 11 சதவீதம் வரைதான் இருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அதாவது நீ போகும் இடத்தில் பெரும்பாலும் நீ ஒருத்தியாகவோ இரண்டு பேராகவோதான் இருப்பாய். வீட்டார் பயப்படுவது மிருகத்துக்கு மட்டும் இல்லை, அந்தப் பயத்தை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். சுற்றுச்சூழலோடு தொடர்புள்ள இடங்களில் பெண்கள் மீது நடக்கும் வன்முறை பற்றி உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமே (IUCN) 2020ல் தனி அறிக்கை போட்டது, அந்த அளவுக்கு அது நிஜம்.

அதனால் சேரும் முன் தைரியமாகக் கேள். முகாமில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் தாழ்ப்பாள் உள்ள அறையும் இருக்கிறதா? என் காலுக்கு அளவான பூட்ஸ் தருவீர்களா? கேட்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் 2 சைஸ் பெரிய பூட்ஸில் துணியைத் திணித்துக்கொண்டு 15 கிலோமீட்டர் நடந்த பெண்ணின் குதிகாலை நான் பார்த்திருக்கிறேன், தோல் உரிந்து காலுறையோடு ஒட்டியிருந்தது, அதற்குள் அடுத்த நாள் ரோந்து. மாதவிடாய் நாட்களில், கர்ப்ப காலத்தில் என்ன ஏற்பாடு? மேலதிகாரியே தொல்லை கொடுத்தால் யாரிடம் புகார் சொல்வது, அவர் அந்த மேலதிகாரிக்குக் கீழே வேலை பார்ப்பவராக இருக்கக் கூடாது. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற இடம் உனக்கு வேண்டாம், பொறுமையாகப் பதில் சொல்கிற இடத்துக்கு அப்பா, அம்மாவையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போ.

கேள்வி: காட்டுயிர்த் திட்டத்தில் எங்களுக்குத் தையல் பயிற்சி கொடுத்தார்கள். ஆண்களுக்கு ரோந்து வேலை, வழிகாட்டி வேலை. இதுதான் பாலின சமத்துவம் என்கிறார்கள். சரிதானா?

பதில்: தையலில் தப்பு இல்லை. தையலோடு முடித்துவிட்டால் தப்பு. காட்டோடு சம்பந்தம் இல்லாத ஒரு வேலையைக் கையில் கொடுத்து, காட்டைப் பற்றிய முடிவுகளை ஆண்களிடமே விட்டுவிடுகிறார்கள். கைத்தொழிலைச் சரியாகக் கோத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

மங்கோலியாவில் மேய்ச்சல் குடும்பத்துப் பெண்கள் ஆட்டு ரோமத்தில் கம்பளிப் பொருள்கள் செய்து பனிச்சிறுத்தைப் பாதுகாப்புத் திட்டம் மூலம் விற்கிறார்கள். வருஷ முடிவில் போனஸ் உண்டு. ஆனால் ஊரில் ஒருவர் பனிச்சிறுத்தையைக் கொன்றாலும் மொத்த ஊருக்கும் போனஸ் போய்விடும். இதனால் என்ன ஆகிறது என்றால், சிறுத்தையை என்ன செய்வது என்கிற பேச்சில் அந்த வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு பலம் வந்துவிடுகிறது.

இன்னொன்று அசாம். ஹர்கிலா என்கிற பெருநாரை, எலும்பையும் அழுகலையும் தின்னும் ஆளுயரப் பறவை. அசிங்கம், அபசகுனம், நாற்றம் என்று கூடு இருக்கும் மரத்தையே வெட்டிவிடுவார்கள். அப்படி ஒரு மரம் விழுந்து குஞ்சுகள் கிடந்ததைப் பார்த்த பூர்ணிமா தேவி பர்மன் என்கிற உயிரியலாளர், ஆய்வுப் பட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஊர்ப் பெண்களிடம் போனார். கர்ப்பிணிக்குச் செய்யும் சடங்கைப் பெருநாரைக்கும் செய்தார்கள், சேலையில் அதன் உருவத்தை நெய்து விற்றார்கள். இன்று ஹர்கிலா படையில் 10,000 பெண்களுக்கு மேல். தாதரா சுற்றுவட்டாரக் கிராமங்களில் 28 ஆக இருந்த கூடுகள் 250ஐத் தாண்டின, 2023ல் இந்தப் பறவை அழிவாபத்துப் பட்டியலில் ஆபத்து குறைந்த நிலைக்கு மாற்றப்பட்டது. நெசவு அங்கே வருமானம் தருவதோடு நிற்கவில்லை. எந்த மரத்தை விடுவது என்பதைப் பெண்கள் பேசுகிறார்கள்.

உங்கள் தையல் இயந்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வழிகாட்டிப் பயிற்சிக்கு யார் யார் பெயர் எழுதப்போகிறார்கள் என்பதையும் போய்க் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் கடலோரப் பெண்கள். கடல் வற்றும்போது பாறைத் திட்டில் நடந்து சிப்பி, சங்கு, பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) பொறுக்குவோம். மீன்வளம் பெருக வேண்டும் என்று அந்தத் திட்டை மூடப்போகிறார்கள். எதிர்த்தால் பாதுகாப்புக்கு எதிரி என்கிறார்கள்.

பதில்: எதிரி இல்லை அம்மா நீங்கள். மடகாஸ்கரில் ஆந்தவதோகா என்னும் கடலோர ஊரில் 2004ல் பேய்க்கணவாய் பிடிக்கும் திட்டு ஒன்றைச் சில மாதம் மூடி வைத்துத் திறந்து பார்த்தார்கள். அது சீக்கிரம் எடை போடும் உயிர் என்பதால் பலன் கண்ணெதிரே தெரிந்தது, பக்கத்து ஊர்களும் அதே வழியில் இறங்கின. ஆக மூடுவது வேலை செய்யும். எந்தத் திட்டை, எந்த மாதங்களில், எத்தனை நாள் மூடுவது என்பதில்தான் விஷயம். படகு இருப்பவர் அடுத்த திட்டுக்குப் போய்விடுவார், நடந்து போகிறவருக்கு அடுத்த திட்டு கிடையாது. நடந்து போகும் தூரத்தில் இருக்கும் எல்லாத் திட்டையும் ஒரே நேரத்தில் மூடக் கூடாது, தேதியைக் குறிக்கும்போது நாங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். பேய்க்கணவாய் எந்தத் திட்டில் முட்டையோடு இருக்கும், எப்போது இருக்கும் என்பதைத் தினமும் கையால் தொட்டுப் பார்ப்பவர் நீங்கள்தான், அதை எழுதிக்கொண்டே போங்கள்.

கேள்வி: பெண்கள், பெண்கள் என்கிறீர்களே, ஆண்களை ஒதுக்கச் சொல்கிறீர்களா?

பதில்: இல்லை. ஆண்கள் வராமல் கூட்ட நேரமும் மாறாது, வீட்டு வேலையும் பகிரப்படாது. அப்புறம் பெண்கள் என்று சொன்னால் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. தலைவரின் மனைவியைக் குழுவில் வைத்துவிட்டு, விறகு விற்றுப் பிழைக்கும் நிலமில்லாத பெண்ணை விட்டுவிட்டால் யார் கஷ்டம் சபைக்கு வரும்?

கேள்வி: நான் ஒரு பாதுகாப்புத் திட்டத்தில் களப்பணியாளர். அறிக்கையில் 'பங்கேற்ற பெண்கள் 46' என்று எழுதி அனுப்புகிறோம். மேலிடத்துக்கு அதுவே போதும். வேறு என்ன எழுதலாம்?

பதில்: 2022 டிசம்பரில் மாண்ட்ரியாலில் நாடுகள் ஒப்புக்கொண்ட உலகப் பல்லுயிர்த் திட்டத்தில் மொத்தம் 23 இலக்குகள். அதில் கடைசி இலக்கே பாலின சமத்துவம் பற்றியது. பெண்களுக்கு நிலத்திலும் இயற்கை வளங்களிலும் சம உரிமை, எல்லா மட்டத்திலும் முடிவெடுப்பதில் பொருளுள்ள பங்கு என்று அதில் இருக்கிறது. 46 என்ற எண் இதில் எதையும் சொல்லாது.

அந்த எண்ணுக்குக் கீழே நாலு வரி சேருங்கள். 46 பேரில் பேசியது எத்தனை பேர். அவர்கள் சொன்னதில் எது தீர்மானமானது, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே. குழுவின் வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாரிடம், அந்த வருஷப் பணம் யார் யார் கைக்குப் போனது. இந்தத் திட்டம் வந்த பிறகு ஒரு பெண்ணின் நாளில் எத்தனை மணி நேர வேலை கூடியது அல்லது குறைந்தது. கடைசி வரிக்காக அவர்களோடு ஒரு நாள் விடிகாலையில் கிளம்பி விறகுக்குப் போய் வாருங்கள். போய் வந்த பிறகு எனக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்.